ஸ்பார்க் ப்ளக்கும் கார் இன்ஜினும்: வடசென்னை ஓட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகிற பெட்ரோல் காரிலும், ஹைவேயில் ஒரே சீராக ஓடுகிற காரிலும் இருப்பது ஒரே ப்ளக்தான். ஆனால் ஆயுசு ஒன்றாக இருக்காது. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி நம் பக்கத்தில் வண்டி ஓட்ட முடியாது. இடையில் ஒருமுறையாவது ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளக் மாற்றினால் பவர் கூடும், மைலேஜ் எகிறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல ப்ளக் இன்ஜினுக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. கம்பெனி கொடுத்த பவர் குறையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தேய்ந்த ப்ளக்கால் வண்டி இழந்ததைப் புது ப்ளக் திருப்பித் தரும். அதைத்தான் பலர் பவர் கூடிவிட்டதாக நினைக்கிறார்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. டீசல் இன்ஜினில் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் தீப்பிடித்துவிடும். காசிமேட்டு விசைப்படகுகளில் ஸ்பார்க் ப்ளக் இல்லாததற்கும் இதுதான் காரணம். டீசல் காரில் இருக்கும் க்ளோ ப்ளக் வேறு பொருள், வேறு வேலை.

ப்ளக் என்ன செய்கிறது

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதைப் பத்தாயிரம், இருபதாயிரம், தேவைப்பட்டால் முப்பதாயிரம் வோல்ட் வரைக்கும் ஏற்றி ப்ளக்கின் தலைக்கு அனுப்புகிறது. வெள்ளைப் பீங்கானுக்குள்ளே ஓடும் நடு எலக்ட்ரோடுக்கும், மேலே வளைந்து நிற்கும் எர்த் எலக்ட்ரோடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி இருக்கும். அதுதான் கேப். பெரும்பாலான கார்களில் அது 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர். டர்போ இன்ஜின்களில் பொதுவாக இன்னும் கொஞ்சம் குறைவு. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவும்போது பொறி பறக்கிறது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கிறது. இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்க வேண்டும். ஒருமுறை தவறினால் அந்தச் சுற்றில் அந்த சிலிண்டர் சும்மா இருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்குது" என்கிறார்கள்.

பொறி கூர்மையான விளிம்பிலிருந்து சுலபமாகக் கிளம்பும். புது ப்ளக்கின் நடு எலக்ட்ரோடைப் பாருங்கள், விளிம்பு வெட்டி வைத்தாற்போல் இருக்கும். ஓட ஓட அந்த விளிம்பு மழுங்கி உருண்டையாகிவிடும், கேப்பும் அகலும். அப்போது அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். காயில் திணறும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூடத் தேவையான வோல்ட்டும் கூடும். ஆகவே சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, நாலு பேர் உட்கார்ந்து, ஏசி போட்டு, மூலக்கடை மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது முதல்முதலாக உதறும். ப்ளக்கில் சந்தேகம் இருந்தால் அந்த ஏற்றத்தில் கவனியுங்கள். பிரச்சினை ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, தெரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

சூடு விஷயம் அடுத்தது. ப்ளக்கின் நுனி சுமார் 450, 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அதன் மேல் படியும் கரி தானாக எரிந்துபோகும். 850 டிகிரியைத் தாண்டிப் போனாலோ, பொறி வருவதற்கு முன்பே அந்த நுனியின் சூட்டில் கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ப்ளக் இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் ஓட்டம் குறுக்கே வருகிறது. தண்டையார்பேட்டையில் கிளம்பி ராயபுரத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்புகிற கார், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற கார், இவற்றின் ப்ளக் நுனி அந்த 500 டிகிரியை எட்டுவதே கஷ்டம். கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். அதோடு திருவொற்றியூர், காசிமேடு பக்கம் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று காயில் கனெக்டரின் பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துவிடும். பல சர்வீஸ் புத்தகங்களில் கடுமையான ஓட்டத்துக்கு என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய தூரம், அதிக ஐடில், தூசி, உப்புக்காற்று எல்லாம் அதில்தான் வரும். வடசென்னைக்குள்ளேயே ஓடும் கார் அந்த அட்டவணைப்படிதான் பார்க்கப்பட வேண்டும்.

முதல் படி: ப்ளக்தானா என்று உறுதி செய்யுங்கள்

காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆவது, ஐடிலில் ஸ்டீயரிங் நடுங்குவது, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுக் கிளம்புவது, மைலேஜ் மெல்ல மெல்லக் குறைவது. இவை எல்லாம் ப்ளக்கின் அறிகுறிகள். ஆனால் காயில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், காற்று போகும் வழியில் உள்ள அழுக்கான த்ராட்டில் பாடி இவற்றுக்கும் இதே அறிகுறிகள்தான்.

இன்ஜின் லைட் எரிந்தால், காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். பி0300 என்றால் பல சிலிண்டரிலும் மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங்; பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படிப் போகும். இரண்டாவது சிலிண்டரில் கோளாறு என்று வந்தால் அதன் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு எண் பி0303 என்று மாறினால் காயில் போயிருக்கிறது. மாறவில்லை என்றால் அடுத்து ப்ளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். ப்ளக்கோடு சேர்ந்து கோளாறும் நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்ஜின் லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அது அவசரம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடும். சில நூறு ரூபாய் ப்ளக்கைத் தள்ளிப்போட்டு, பல ஆயிரம் ரூபாய் பாகத்தை இழப்பது இப்படித்தான். மின்னினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஓரங்கட்டி, அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது படி: சரியான ப்ளக்கை வாங்குங்கள்

ஓனர் மேனுவலில் ப்ளக்கின் பார்ட் நம்பர் அப்படியே இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மரையின் விட்டம், மரையின் நீளம், சூட்டு எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மரை நீளமான ப்ளக்கைப் போட்டால் பிஸ்டன் வந்து இடிக்கலாம். குட்டையானதைப் போட்டால் பொறி சரியான இடத்தில் விழாது.

சூட்டு எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. என்ஜிகே, டென்சோ ப்ளக்குகளில் எண் கூடக்கூட ப்ளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்கு, ப்ளக் மாட்டியிருக்கும் இன்ஜினின் மேல்பாகத்துக்கு, கடத்தும். பாஷ், சாம்பியன் ப்ளக்குகளில் தலைகீழ். எண் கூடினால் சூடானது. ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்ணைப் பார்த்து நீங்களே ஊகிக்கக் கூடாது. புது ப்ளக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் கார் மாடலைத் தேடிப் பாருங்கள்.

நிக்கலா, இரிடியமா? நிக்கல் சுமார் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768 டிகிரியில், இரிடியம் 2446 டிகிரியில். இரிடியம் அவ்வளவு சூட்டைத் தாங்குவதால் நடு எலக்ட்ரோடை 0.6, 0.4 மில்லிமீட்டர் வரைக்கும் மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கலில் அது 2.5 மில்லிமீட்டர் பருமன். நுனி மெல்லியதானால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி கிளம்பும், தேய்மானமும் குறைவு. நிக்கல் ப்ளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரும். இரண்டு எலக்ட்ரோடிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த ப்ளக் ஒரு லட்சம் வரைகூடப் போகும். கம்பெனி இரிடியம் போட்டிருந்தால் இரிடியத்தையே போடுங்கள். நிக்கல் போட்ட வண்டியில் இரிடியம் போடுவது தவறில்லை. அடிக்கடி மாற்றும் தொல்லை குறையும். மைலேஜுக்காக என்று மட்டும் போடாதீர்கள். எர்த் எலக்ட்ரோடு மூன்று, நான்கு வைத்த ப்ளக்குகளிலும் ஒரு நேரத்தில் பொறி ஒன்றில்தான் தாவும். நான்கு பொறி வராது.

எத்தனை வாங்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்ட்டோ கே10 மூன்று சிலிண்டர், அதற்கு மூன்று போதும். 2003இல் வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ நாலு சிலிண்டர்தான், ஆனால் சிலிண்டருக்கு இரண்டு என்று எட்டு ப்ளக் வேண்டும்.

போலி ப்ளக் நிறையப் புழங்குகிறது. எழுத்து மங்கலாக இருந்தாலோ, நடு எலக்ட்ரோடு எர்த்துக்கு நேராக இல்லாமல் விலகி இருந்தாலோ, கழுத்தில் உள்ள வாஷர் கையால் சுற்றினாலே கழன்று வந்தாலோ வாங்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டரிலோ, பில் கொடுக்கும் டீலரிடமோ வாங்குவது நல்லது. பழைய பாகக் கடைகளில் வேறு எதை வாங்கினாலும் ப்ளக்கை வாங்க வேண்டாம்.

மூன்றாவது படி: கழற்றுவது

ப்ளக் சாக்கெட் வேண்டும். பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், புது மாடல்கள் சிலவற்றில் 14. உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் கழன்ற ப்ளக், அது உட்கார்ந்திருக்கும் ஆழமான குழிக்குள்ளேயே நின்றுவிடும். நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், காயில் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் சாக்கெட், கேப் அளக்கும் கம்பி கேஜ், முடிந்தால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் எடுக்கும் முன் செய்வது உத்தமம். ஹெட் அலுமினியம். சூட்டோடு சூடாகக் கழற்றினால் மரை உரிந்து வந்துவிடும். மரை போய்விட்டால் லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை உள்ளே போட வேண்டியதுதான், ஹெட்டைக் கழற்றும் செலவும் சேர்ந்துகொள்ளலாம்.

சாவியை எடுத்துவிட்டு, காயில் கனெக்டரின் பூட்டை அழுத்தி மெதுவாக இழுங்கள். பழைய வண்டிகளில் இந்த பிளாஸ்டிக் சூட்டில் வெந்து பொடியாக உடையும், அவசரம் கூடாது. போல்ட்டைக் கழற்றி, காயிலை முதலில் இடமும் வலமும் திருகிவிட்டு, பிறகு நேராக மேலே தூக்குங்கள்.

இப்போது ப்ளக்கைத் தொடாதீர்கள். முதலில் அந்தக் குழியை ஊத வேண்டும். எண்ணூர், மணலி பக்கம் ஓடும் வண்டிகளில் குழிக்குள் மண்ணும் தூசியும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். ப்ளக்கைக் கழற்றினால் அத்தனையும் நேராக சிலிண்டருக்குள் விழும், சுவரைக் கீறும். வீட்டில் கம்ப்ரஸர் இல்லையென்றால் முந்தின நாளே பஞ்சர் கடையில் இன்ஜின் ஆறும்வரை நின்று, காயிலைத் தூக்கி, காற்றுப் பிடித்து ஊதிக்கொண்டு வந்துவிடுங்கள். ஊதும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் அதற்கு ப்ளக் காரணம் இல்லை. டாப்பெட் கவர் கேஸ்கெட்டோ, ப்ளக் குழாயின் சீலோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புது ப்ளக் போட்டால் காயிலின் ரப்பர் ஊறி, மறுபடி மிஸ்ஸிங் வரும்.

இடது பக்கமாகச் சுற்றுங்கள். இறுகிக்கொண்டு வரவில்லையா, கொஞ்சம் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். எடுத்த ப்ளக்குகளை ஒரு தினசரித் தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாக வையுங்கள். துடைக்காதீர்கள்.

நான்காவது படி: ப்ளக்கைப் படிப்பது

இந்த வேலையில் மிகவும் முக்கியமானது இதுதான். ஸ்கேனர் சொல்லாத பலவற்றை ப்ளக்கின் நுனி சொல்லும். வெயிலில் வைத்துப் பாருங்கள்.

பீங்கான் நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்த சிலிண்டர் ஆரோக்கியமாக இருக்கிறது. விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் ப்ளக் தன் ஆயுசை வாழ்ந்து முடித்திருக்கிறது. புதிது போடலாம்.

காய்ந்த கறுப்புக் கரி, விரலால் தொட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு வருவது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் கார்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். நாலு ப்ளக்கிலும் ஒரே மாதிரி கரி இருந்தால் ஓட்டும் முறையையோ, ஆக்ஸிஜன் சென்சாரையோ, பழைய கார்பரேட்டர் வண்டியென்றால் ஏர் ஃபில்டரையோ பாருங்கள். ஒரே ஒரு ப்ளக்கில் மட்டும் கரி என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, காயில் பலவீனமா என்று தேடுங்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்சாரம் கேப்பைத் தாவாமல் கரி வழியாகவே எர்த்துக்கு இறங்கிவிடும். மழைக்காலத்து அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் பல வண்டிகளின் கதை இதுதான்.

ஈரமாக, பிசுபிசுவென்று கறுப்பாக, மோந்தால் இன்ஜின் ஆயில் வாசனை வந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்து ஆயில் உள்ளே வருகிறது. இதற்கு ப்ளக் மாற்றுவது தற்காலிகம். ஆயில் எவ்வளவு குறைகிறது என்று டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், வாரா வாரம் பாருங்கள்.

வெள்ளை வெளேரென்று, பீங்கானில் கொப்புளம் போல இருந்தால் அளவுக்கு மீறிய சூடு. சூட்டு எண் தவறிய ப்ளக், பெட்ரோல் குறைவாக வருவது, கூலன்ட் கோளாறு என்று காரணம் பல. பீங்கான் மேல் மிகச் சிறிய வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியமாக இருக்கலாம். அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள்.

பலரையும் குழப்பும் ஒன்று இருக்கிறது. மேல் பக்க வெள்ளைப் பீங்கானில், இரும்புப் பகுதி தொடங்கும் இடத்தை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் தெரியும். கேஸ் கசிந்த கறை என்று நினைத்து ப்ளக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்கள் அதிக வோல்ட்டால் ஈர்க்கப்பட்டு ஒட்டிய கறை அது. ஒரு கெடுதலும் இல்லை. அதே பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு ஓடினால் கதை வேறு. மின்சாரம் வெளிப்பக்கமாகவே தாவி ஓடியிருக்கிறது. அந்த ப்ளக்கையும், காயிலின் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சுத்தம் செய்து திரும்பப் போடலாமா? நிக்கல் ப்ளக் என்றால் அவசரத்துக்குப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துப் போடலாம். இரிடியத்தில் பிரஷ் படவே கூடாது, அந்த மெல்லிய நுனி போய்விடும். உப்புத்தாள் எதிலும் வேண்டாம்.

ஐந்தாவது படி: கேப் பார்த்து மாட்டுவது

மேனுவலில் உள்ள கேப் அளவைக் கம்பி கேஜால் சரிபாருங்கள். பெட்டியில் சரியாகவே வரும், ஆனால் வழியில் கீழே விழுந்திருக்கலாம். நிக்கலில் திருத்த வேண்டுமென்றால் எர்த் எலக்ட்ரோடை மட்டும் லேசாக வளையுங்கள். நடு எலக்ட்ரோடின் மேல் எதையும் ஊன்றக் கூடாது. இரிடியத்தில் அளவு தவறியிருந்தால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

கேப் அதிகமானால் காயிலுக்குச் சுமை, ஏற்றத்தில் மிஸ்ஸிங். குறைந்தால் பொறி சின்னதாகி ஐடில் நடுங்கும்.

மாட்டும்போது ராட்செட்டைத் தொடவே வேண்டாம். ஒரு சாண் பழைய பெட்ரோல் ஹோஸை ப்ளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, ஹோஸை விரலால் உருட்டுங்கள். மரை கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும். அதனால் மரை கெட வாய்ப்பே இல்லை. கையாலேயே கடைசி வரை இறங்கிய பிறகு 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12க்கு 15 முதல் 20, 10க்கு 10 முதல் 12. உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புது ப்ளக்கை அது உட்கார்ந்த இடத்திலிருந்து அரைச் சுற்று. கழற்றிய பழைய ப்ளக்கையே போடுவதென்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். வாஷர் இல்லாத கூம்பு உட்காரும் வகையென்றால் பதினாறில் ஒரு பங்குதான்.

மரையில் கிரீஸோ ஆயிலோ தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பூச்சு போட்டு வரும் ப்ளக்குகளுக்கு அது வேண்டாம். வழவழப்பில் அளவுக்கு மீறி இறுகி, ப்ளக்கின் கழுத்தே முறியலாம். காயில் ரப்பரின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள், உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் அது தடுப்பு.

ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை இன்ஜின் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். மைலேஜை டேஷ்போர்டு எண்ணில் பார்க்காமல், டேங்க் நிரப்பி மறுபடி டேங்க் நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

சிஎன்ஜி வண்டிகள்

சிஎன்ஜியும் காற்றும் கலந்த கலவையில் பொறி தாவப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். அதனால் ப்ளக்கும் காயிலும் சீக்கிரம் தேயும். பெட்ரோலில் ஒழுங்காக ஓடி, சிஎன்ஜிக்கு மாற்றியதும் உதறினால் முதலில் ப்ளக்கைப் பாருங்கள். சிஎன்ஜி கிட் மாட்டிய கடைக்குப் போவது அதற்குப் பிறகு. வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் மேனுவல் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே ஒருமுறை கழற்றிக் கேப் பார்ப்பது நல்லது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதும் நமக்குப் புதிதல்ல. தண்ணீரில் நின்ற காரையோ, தண்ணீருக்குள் ஓடும்போது அணைந்துபோன காரையோ செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றைப்போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதன் பிறகு இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழி கிடையாது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டோ செய்து மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் எல்லா ப்ளக்கையும் கழற்ற வேண்டும். காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இன்ஜினைச் சுற்றினால் தண்ணீர் ப்ளக் ஓட்டை வழியாக வெளியே வரும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் அந்த ஆயிலையும் இறக்கிவிட்டு மறுபடி புது ஆயில் ஊற்றுங்கள். ப்ளக்குகளைப் புதிதாகவே போடுங்கள். காயில்களை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கனெக்டரின் ஒவ்வொரு பின்னையும் கான்டாக்ட் கிளீனரால் கழுவிய பிறகு மாட்டுங்கள்.